வலப்பக்கத்துக் கோழிகள்

என் முனைவர் ஆய்வை முதல் வருடம் பாழாக்கியவர் என் வாப்பா லியாகத் அலி. போன மாதம் அவரை அடக்கம் செய்தோம். அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு இதிலிருந்துதான் தொடங்க வருகிறது.

பல வருடம் சவூதியில், தம்மாமில் கட்டட வேலை. 2004-இல் திரும்பி வந்து, அதிராம்பட்டினத்துக்கு வெளியே பிராய்லர் கொட்டகை போட்டார். கத்திரி வெயிலில் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து இரைக்கும். தீனி எடுக்காது. சில செத்து விழும். தீனியில் நெல்லிக்காய்ப் பொடி கலந்தால் வெயிலைத் தாங்குமா என்பதே என் ஆய்வு. எங்கள் கொட்டகையிலேயே வலை கட்டி இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கத்துக்குப் பொடி. வலப்பக்கத்துக்கு வெறும் தீனி.

“அந்தப் பக்கம் உள்ளதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு?” என்றார் வாப்பா.

“தப்பு இல்ல வாப்பா. ஒப்பிட்டுப் பாத்தாத்தான் பொடியோட பலன் தெரியும்.”

“ஒரே வீட்டுல பாதிப் பேருக்கு மட்டும் மருந்தா? நல்ல படிப்பு!”

கடைசியில் எடை போட்டால், இரண்டு பக்கமும் ஒன்று. பொடியால் பலனில்லை என்று எழுதவேண்டிய நிலை. சமையலறையிலிருந்து உம்மா குரல் கொடுத்தார்: “நெல்லிப்பொடி வாங்க எத்தன தடவ கடைக்கு ஓடுனாருன்னு அவரயே கேளு.”

கேட்டேன். வாப்பா மறைக்கவில்லை.

“நீ நெழல்ல உக்காந்து எழுதுற. நான் வெயில்ல நின்னவன். பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆனா ஒண்ணு, ரெண்டு பக்கமும் நல்லாத் தேறிடுச்சுல்ல?”

ஒரு வருடம் வீணாகப் போயிற்று. அடுத்த கோடையில் ஆய்வைக் கல்லூரிப் பண்ணைக்கு மாற்றினேன். வாப்பாவுக்கு வழி சொல்லவில்லை. விடாமல் போன் செய்தார்.

“வலப்பக்கம் எப்படிம்மா இருக்கு?”

இரைத்துக்கொண்டு இருந்தன.

“அதுக்கும் பொடி போட்டுட்டேன் வாப்பா.”

“அப்ப உன் பட்டம்?”

“போனாப் போகுது.”

“அதான் எம்புள்ள!”

இடப்பக்கம் எடையில் முந்தியது. பட்டம் வந்தது. வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: இரண்டு பக்கமும் பொடியைப் போட்டுவிட்டு, பெரிய வாத்தியார்களுக்கே என் மகள் டிமிக்கி கொடுத்துவிட்டாள். பேராசிரியர் காதில் விழுந்தால் என் கதி என்ன என்று கெஞ்சினேன். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

அடக்கத்தன்று மய்யித்து வீட்டில் ஹமீதா பானு மாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே காதருகே வந்து கேட்டார்.

“அந்த வாத்தியாருங்க இன்னும் கண்டுபுடிக்கலயாம்மா?”

“இல்ல மாமி” என்றேன்.