அண்ணனின் ரத்தப் பரிசோதனை

நானும் அண்ணனும் அச்சில் வார்த்த இரட்டையர். சில நிமிடம் முந்திக்கொண்டதால் அவன் அண்ணன். கட்டுமாவடியில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இறால் பெட்டி மேல் சரிந்தான். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

காரியம் முடிந்து அவன் இடத்தில் நான் போய் நின்றேன். விலை கேட்க ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதே முகம், அதே தொண்டை. பழகிய வியாபாரி ஒருவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார், தரையில் பாவுகிறதா என்று. சிரிப்புத்தான் வந்தது, ஆனால் நானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அண்ணன் மனைவி, என் மதினி, அவன் போனபிறகு என்னை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள், ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும், கிளம்புங்கள் என்று சொல்லியனுப்பினார். கூடவே வந்தார்.

அறந்தாங்கியில் ஒரு கிளினிக். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். மதியம் டாக்டர் என் வயது, பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினார். குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார். கூடப் பிறந்த இரட்டையனுக்கு என்றேன். தட்டிய விரல் நின்றது. திரையில் சிவப்பு வந்தது. கெட்ட கொழுப்பு மிக அதிகம், பிறவியிலேயே ரத்தத்தில் வந்தது, எனக்கும் மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம், மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்றார். பயத்தில் என் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"அப்ப இது அவரு ரத்தமுந்தானே, டாக்டர்?" என்றார் மதினி.

ஆமாம், இந்த விஷயத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர். முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மதினி கேட்டார். வாய்ப்பு இருந்திருக்கும் என்று பதில் வந்தது. எங்கள் இருவரில் யாராவது ஒருவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தாலே போதும்.

பஸ் ஸ்டாண்டில் மதினி மாத்திரை அட்டையைக் கிழித்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு, அவன் போனதிலிருந்து முதல்முறையாக, என்னை நேருக்கு நேர் பார்த்தார். அவர் கண் என் நெற்றியில் தொடங்கி மோவாய் வரை மெல்ல இறங்கியது.

"தெனம் போடுங்க தம்பி. இந்த மொகத்துக்கு வயசாகுறத நான் பாக்கணும்."

தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். தொண்டையில் இறங்கும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை.