தாவூது குடித்த தண்ணீர்

உத்தமபாளையத்துச் சேக் தாவூதுக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மையநாயக்கனூர் ரயிலடியில் அரிசி மூட்டை ஏற்றி, மலைமேல் அணை கட்டுகிற ஆட்களுக்காகக் கூடலூரில் கொண்டுபோய் இறக்குகிற வண்டிக்காரர். "பன்னெண்டு வயசுல பிடிச்ச நோன்பு, ஒண்ணுகூட விட்டதில்ல" என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். வண்டிக்காரருக்கு அது சின்னக் காரியமில்லைதான். அதற்காக இத்தனை தம்பட்டமா?

1891 சித்திரை. நோன்பு மாதமும் அதே வெயிலில் வந்து விழுந்தது. முல்லையாறு வெறும் மணலாய்க் கிடந்தது. புளியமரத்தடியில் அலகைப் பிளந்து உட்கார்ந்திருந்த காக்கைகள் ஆள் கிட்டே போனாலும் பறக்கவில்லை. சின்னமனூர்ப் பக்கம் நாலு பேர் களத்திலேயே சுருண்டுவிட்டதாகப் பேச்சு. வண்டிக்காரர்கள் தலைப்பாகைக்குள் வெங்காயம் வைத்துக் கட்டிக்கொண்டு இரவில் ஓட்டினார்கள். பகலில் நிழலைவிட்டு அசையவில்லை.

தாவூதோடு வந்தவன் பரீத், தங்கை ஜெய்த்தூனின் கணவன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். தேனி தாண்டும்போது சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கி இரும்புப் பட்டா கழன்றுவிட்டது. ஊறப்போடலாமென்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆப்படித்து இறுக்குவதற்குள் விடிந்துவிட்டது. மற்ற வண்டிகள் போய்விட்டன. "பொழுது சாய வீட்டுக்குப் போயிரலாம்" என்று பகலிலேயே மாட்டைப் பூட்டச் சொன்னவர் தாவூதுதான்.

வீரபாண்டியில் மாடுகளுக்காக ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டப் போனார். தனியாகத்தான் போனார். சிரட்டையில் தண்ணீர் மொண்டவருக்குக் கை வாய்க்குப் போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பயணிக்கு நோன்பில் விலக்கு உண்டு, பிறகு நோற்றுக்கொள்ளலாம். ஒரு பாவமும் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. மனுசர் மீசையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலக் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தார்.

பரீத்தின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"மாப்ளே, ரெண்டு வாய் குடி. நமக்கு விலக்கு இருக்குல்ல."

"அப்ப நீங்க முதல்ல குடிங்க மச்சான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான் இருந்து பழகினவன்டா."

"நீங்க தாங்குறீகல்ல, நானும் தாங்குவேன்."

வண்டி ஓடியது. கொஞ்ச தூரத்தில் பரீத்துக்கு வியர்வை நின்றுவிட்டது. உடம்பு வெயிலுக்குப் பழகிவிட்டது என்று தாவூது நிம்மதிப்பட்டார். ஐயோ, அந்த நிம்மதியை என்ன சொல்ல!

"குளிருது மச்சான்" என்றான் பரீத்.

தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. தாவூது குடத்தை எடுப்பதற்குள் அவன் நுகத்தடிப் பக்கமாகச் சரிந்துவிட்டான். தாங்கிப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, நான் குடிச்சுட்டேன்டா! காலையிலயே ஊத்துல குடிச்சுட்டேன். நீயும் குடிடா!"

ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. பொட்டல் நெடுக வேறு ஒரு ஆள் இல்லை. சின்னமனூர் போய்ச் சேர்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் ஜெய்த்தூன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோன்போடதானண்ணே போனாக?"

"ஆமாத்தா."

"அது போதும் எனக்கு." சற்று நேரம் அழுதாள். பிறகு, மனசில் ஒரு குற்றமும் இல்லாமல்தான் கேட்டாள்: "ஒரே வெயிலு, ஒரே நோன்பு. நீங்க மட்டும் எப்பிடிண்ணே தாங்குனீக?"

பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக வழி இருந்தது. தாவூது எழவில்லை.

"நான் தாங்கலத்தா. அவனுக்குத் தெரியாம குடிச்சேன். நீங்க முதல்ல குடிங்கன்னு அவன் சொன்னப்பவும் சொல்லல."

ஜெய்த்தூன் பிடித்திருந்த கையை விட்டாள்.