என் கணவர் எழுதவேண்டிய கம்ப்யூட்டர் பரீட்சை

என் கணவருடைய ஞாபக சக்தியை ஆண்டவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் எங்கள் பாகூர் சபையில் இருக்கிறவர்களும் அதற்காகத்தான் ஜெபித்தோம். அதைக் கேட்டுக் கிடைக்காமல் போன ஒருத்திதான் இன்றைக்கு உங்கள் முன்னால் சாட்சி சொல்கிறேன்.

என் பெயர் சுகந்தி. என் கணவர் ஆனந்தராஜ் புதுச்சேரி டவுனில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தார். ஒரு கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களை எல்லாம் கேபிள் போட்டு இணைத்து, ஒன்றோடு ஒன்று பேச வைக்கிற வேலை. பாலிடெக்னிக் முடித்ததிலிருந்து அதுதான் அவருக்குத் தொழில். அமைதியான மனுஷன். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் நிறையப் பேசுவார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில், வேலை முடிந்து பைக்கில் வரும்போது, தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு வேன் அவரை இடித்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார். அப்படியும் தலையில் அடி. ஆபரேஷன் செய்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பிழைத்தார். அப்போது நான் சொன்ன ஸ்தோத்திரம் எல்லாம் உண்மையான ஸ்தோத்திரம். இனி கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பழையது எல்லாம் அவருக்கு அப்படியே இருந்தது. எங்கள் கல்யாணம், அவர் படித்த படிப்பு, கம்பெனியில் எந்த மாடியில் எந்தப் பெட்டி மாட்டியிருக்கிறது என்பது வரைக்கும் சொல்வார். புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் ஞாபகம் இருக்காது. எங்கள் மகள் பெனிட்டா மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இவர் இன்னமும் இரண்டாம் வகுப்பு மிஸ் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பார். அந்தப் பிள்ளை முகம் வாடிப்போகும். மூளையில் பட்ட அடி, ஞாபகம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார்.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான். அவர் இடத்தை வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிரிவில் இருக்கிற எல்லோரும் ஒரு நெட்வொர்க் சான்றிதழ் பரீட்சையில் தேறியாக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அடிபடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர் அதற்குப் படிக்கத் தொடங்கியிருந்தார், அந்தக் கொஞ்ச நாள் மட்டும் அவர் ஞாபகத்தில் இல்லை. அதை மட்டும் முடித்துவிட்டால் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்து வைத்துக்கொள்கிறோம் என்றார் மேனேஜர். சில மாதங்கள் அவகாசமும் கொடுத்தார்.

இன்ஜினியரிங் படித்தவர்களே தோற்றுப்போகிற பரீட்சை அது. முழுக்க ஆங்கிலம். தடியாக இரண்டு புத்தகம். ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. நடுநடுவே திரையில் ஒரு நெட்வொர்க்கையே திறந்து வைப்பார்கள். எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, அங்கேயே டைப் செய்து சரிசெய்ய வேண்டும்.

படித்தால் அவருக்குத் தலை வலிக்கும். அதனால் நான் வாசித்துக் காட்டினேன். நான் பி.ஏ. வரலாறு. கல்யாணத்துக்கு முன்பு தவளக்குப்பத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெனிட்டா பள்ளிக்கூடம் போன பிறகு சமையலை முடித்துவிட்டு உட்காருவோம். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒன்றும் புரியாது. இது என்னங்க என்று கேட்டால் அவர் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார். ஒரு பெரிய நிலத்தை மனை பிரித்து, தெரு விட்டு, வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுக்கிற மாதிரிதான் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுப்பதும் என்பார். கம்ப்யூட்டர் கேபிள்களைச் சொருகி இணைக்கிற சுவிட்ச் பெட்டி, கம்பெனியிலிருந்து கழித்துப்போட்ட பழசு ஒன்று வீட்டில் இருந்தது. அதை லேப்டாப்பில் இணைத்துவிட்டால் அவர் விரல் தானாக ஓடும். எந்தக் கோளாறாக இருந்தாலும் அவர் தொடங்குவது ஒரே வார்த்தையில்தான். "மொதல்ல கேபிள் எங்கேர்ந்து எங்க போவுதுன்னு பாரு. மத்ததுலாம் அப்புறம்."

கேட்கும்போது எனக்கு நம்பிக்கை வரும். மறுநாள் புத்தகத்தைத் திறந்தால் நேற்று வாசித்தது எதுவும் அவரிடம் இருக்காது. மறுபடி அதே பக்கம். நான் அதே கேள்வியைக் கேட்பேன். இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன் என்பது போல அவர் பொறுமையாகச் சொல்வார்.

உபவாசம் இருந்தேன். சபையில் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். போதகரம்மா எங்கள் வீட்டுக்கே வந்து முழங்கால் போட்டு அழுதார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது என்னை நிறுத்தி, "யாருக்குப் பரீட்சை?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தாங்க."

"எனுக்கா? எனுக்கு யாரும் சொல்லவே இல்லியே."

புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆண்டவரே, நீர் கேட்கிறீரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, இனிமேல் இதற்காக உம்மிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதற்காக ஜெபிப்பதை நிறுத்தினேன். மறுநாளும் புத்தகத்தை எடுத்தேன். அது விசுவாசத்தால் இல்லை. அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கெடு வந்தது. பரீட்சைக்கு அழைத்துப் போனேன். நடுவிலேயே எழுந்து வெளியே வந்து, இங்கே எதற்கு வந்தோம் என்று கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த வாரம் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்கள். வேலை போய்விட்டது. சபைக்குப் போனால் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சில வாரம் நான் போகவே இல்லை.

அவருடைய சாமான்களைக் கொடுக்க முபாரக் தம்பி வந்தார். என் கணவரோடு வேலை பார்த்தவர், வில்லியனூர்க்காரர். அவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். டீ போட்டுக்கொடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வேலையைப் பற்றிப் பேச்சு எடுத்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் வேலை செய்கிறது, லேப் கம்ப்யூட்டர்கள் மட்டும் ஆபீஸோடு பேச மாட்டேன் என்கிறது, இரண்டு நாளாகப் பார்க்கிறேன் என்றார். என் கணவர் ஆர்வமாகத் தொடங்கினார். பாதியில் கேள்வி என்ன என்பதே மறந்துபோய் நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் வந்த கலவரத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதை மூடுவதற்காகத்தான் நான் வாயைத் திறந்தேன். இரண்டையும் வேறு வேறு குழுவாகப் பிரித்து வைத்திருப்பீர்கள், நடுவில் போகிற கேபிள் இரண்டு குழுவுக்கும் வழி விடுகிறதா, ஒன்றுக்கு மட்டுமா, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

முபாரக் தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "இத யாரு அண்ணி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"உங்க அண்ணன்தான். தெனம் சொல்வாரே."

என் கணவர் என்னைப் பார்த்து, "நானா? நான் எப்ப சொன்னேன்?" என்றார்.

முபாரக் தம்பி மேலும் சில கேள்விகள் கேட்டார். சிலது தெரிந்தது, சிலது தெரியவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நீங்களே எழுதுங்க அண்ணி. இன்னா கொறஞ்சிபூடும்?" என்றார்.

அவர் போன பிறகு அடுப்படியில் நின்றேன். இந்தப் படிப்பு தங்கட்டும் என்று மாதக்கணக்கில் கேட்டேன். அவர் தலையில் தங்கட்டும் என்றுதான் கேட்டேன். அது என்னிடம் வந்து தங்கியிருந்தது எனக்கே தெரியவில்லை. வேறு எந்த வாத்தியாராக இருந்தாலும் ஒரே பாடத்தை அத்தனை தடவை கேட்டால் அலுத்துப்போயிருப்பார். இவருக்கு அலுக்கவே இல்லை. சொன்னதே ஞாபகம் இல்லாததால்தான் அலுக்கவில்லை. எந்த மறதியை நீக்கும்படி அழுதேனோ, அதை வைத்துத்தான் ஆண்டவர் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். மறுபடி ஜெபிக்க வாய் வரவில்லை. அழ மட்டும் முடிந்தது.

உடனே எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். மாதிரித் தேர்வு எழுதினால் தோற்றுக்கொண்டே இருந்தேன். கணக்கு வராது. ஆங்கிலக் கேள்வியை இரண்டு தடவை படிப்பதற்குள் நேரம் போய்விடும். முப்பத்தைந்து வயதில் இது நமக்கு வாணாம் என்று எத்தனையோ நாள் மூடி வைத்திருக்கிறேன். மறுநாள் அவரிடம் போய் உட்காருவேன். புதிதாகக் கேட்பது போல அவர் மனை பிரிப்பதிலிருந்து தொடங்குவார்.

பரீட்சை அன்று அவரையும் டவுனுக்கு அழைத்துப் போனேன். தனியாக விட முடியாது. போதகரம்மா கூட வந்து வெளியே அவரோடு உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே கைப்பையையும் போனையும் பூட்டி வைத்துவிட்டார்கள். வளையலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். கணக்குப் போட ஒரு பிளாஸ்டிக் அட்டையும் பேனாவும் கொடுத்தார்கள். தலைக்கு மேலே கேமரா. ஏசி குளிரில் விரல் விறைத்துப்போயிருந்தது.

முதலில் வந்த கேள்விகளை எப்படியோ எழுதினேன். பிறகு திரையில் ஒரு நெட்வொர்க் திறந்தது. பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படித்தேன், படித்து முடிப்பதற்குள் மறந்துபோனது. தலைக்குள் வெறும் வெள்ளையாக இருந்தது. தினமும் இவர் இப்படித்தான் தவிக்கிறார் என்று அப்போது புரிந்தது. அத்தனை நாள் கூடவே இருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அப்போது என் கணவருடைய குரல்தான் எனக்குள் வந்தது. மொதல்ல கேபிள் எங்கேர்ந்து எங்க போவுதுன்னு பாரு. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்தேன். நாலாவது கோட்டில் தப்பு தெரிந்தது. கை டைப் செய்யத் தொடங்கியது. அவர் விரல் போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

கடைசிக் கேள்வி முடிந்து முடிவு வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பாஸ் என்று இருந்தது. நல்ல மார்க் ஒன்றும் இல்லை. வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே.

வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பாஸ் பண்ணிட்டேங்க" என்றேன்.

"எந்தப் பரீட்சை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அது ரொம்பக் கஷ்டமாச்சேடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். போதகரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போது, எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டார். இந்த முறை நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சொன்னேன். மறுபடியும் அதே சந்தோஷம், அதே கண்ணீர். தவளக்குப்பத்தில் இன்னொரு முறை கேட்டார். சொன்னேன். பாகூர் வருவதற்குள் எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல அவர் சந்தோஷப்பட்டார். அந்த நல்ல செய்தி எங்களுக்குப் பழசாகவே இல்லை.

இப்போது வில்லியனூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் நெட்வொர்க் போட்டுக்கொடுக்கிற இடம். முதலாளி சம்மதித்திருப்பதால் சில நாள் என் கணவரையும் அழைத்துப் போகிறேன். நான் திணறினால் அவரைக் கேட்பேன். வேலை முடிந்ததும் அங்கே போனதையே மறந்துவிடுவார். அவருக்குச் சுகம் கிடைக்க வேண்டும் என்று மறுபடியும் ஜெபிக்கிறேன். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. சில நாள் இப்போதும் குழாயைத் திறந்துவிட்டு அழத்தான் செய்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் ஜெபத்தையே விட்டுவிட்டவர்கள் இருப்பீர்கள். உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் விட்டவள்தான். நான் விட்டபோதும் ஆண்டவர் என்னை விடவில்லை, அதை மட்டும் என்னால் சொல்ல முடியும். நாளைக்குச் செய்யவேண்டிய வேலையை மனசில்லாமலாவது செய்யுங்கள். முடிந்தால், ஆண்டவரே என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்கே ஸ்தோத்திரம்.