காலுறைக்குள் வீங்கிய கால்

ஸ்வெட்டரோடு எடை போடச் சொன்னது நீங்கள்தான், சூப்பர்வைசர் அம்மா. இல்லை என்று சொல்லாதீர்கள். என் அங்கன்வாடியில், என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னீர்கள். "இந்தக் குளிருல பச்சப்பிள்ளையக் கழட்டிப் போட்டு நிறுத்தி, சளி புடிச்சா யாரு பதில் சொல்றது? அப்படியே வச்சு எழுதுங்க டீச்சர்."

எனக்கும் அது வசதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மேல்மலையில் இருக்கிறது. மையத்தின் சிமெண்டுத் தரையில் மார்ச் மாதத்தில்கூட வெறுங்காலோடு நிற்க முடியாது. பிள்ளைகளைத் துணி மூட்டையாகத்தான் தூக்கி வருவார்கள். உள்சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு, காதை மூடும் குல்லா, இரண்டு ஜோடிக் காலுறை. ஒரு பிள்ளையை உரித்தெடுத்து மறுபடி மாட்டுவதற்குள் மற்றத் தாய்மார்கள் வாசலில் சத்தம் போடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பூண்டுக் காட்டுக்குப் போக வேண்டும். அதனால் மூட்டையோடு நிறுத்தேன். மூட்டையின் எடையைப் பதிவுக்கென்று அரசு கொடுத்த போனில் ஏற்றினேன்.

அப்படி நிறுத்த ஒரு பெண் குழந்தைக்குப் பதினான்கு மாதம். நான்கு மாதமாக மஞ்சள் கோட்டில் இருந்தாள். மஞ்சள் என்றால் கொஞ்சம் எடை குறைவு, பயமில்லை. சிவப்பு என்றால்தான் ஆஸ்பத்திரி. கடைசி மாதம் கன்னம்கூட உப்பியிருந்தது. "பன்னு மாதிரி ஆயிட்டா பாரு" என்று அவள் அம்மாவிடம் நானே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அடுத்த வாரம் குழந்தை மையத்தில் ஈரம் பண்ணிவிட்டாள். ஆயா லீவு. நானே காலுறையைக் கழற்றினேன். கால் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. கட்டைவிரலால் அமுக்கினேன், குழி விழுந்தது. கையை எடுத்த பிறகும் அந்தக் குழி நிரம்பவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினேன். முகமும் காலும்தான் வீங்கியிருந்தன, புஜத்தில் சதையே இல்லை. நிறம் காட்டும் அளவு நாடாவைப் புஜத்தில் சுற்றினால் சிவப்பு. தராசில் வைத்தால் சிவப்பு.

உங்களுக்குத்தான் முதலில் போன் போட்டேன். ஞாபகம் இருக்கிறதா?

"போன மாசம் மஞ்ச, இந்த மாசம் செவப்பா? மீட்டிங்ல என்னயத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க. ஒரு மாசம் பாப்போம் டீச்சர்."

நான் பார்க்கவில்லை. அந்தத் தாயைக் காட்டிலிருந்து கூட்டிவந்தேன்.

"பூண்டு எடுக்கிற சோலி கெடக்கு டீச்சர்."

"பூண்டு எந்திரிச்சு ஓடாது. வெரசா கெளம்பு, பஸ்ஸு போயிரும்."

கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி போட்டார்கள், அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தில் மருந்துப் பால் வந்தது. அந்தத் தாய் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா? எங்க வீட்டுப் பூனையே இதவிடக் கூடக் குடிக்கும்."

"அப்ப பூனையக் கொண்டாந்து சேருங்க" என்றார் நர்ஸ். பிறகு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். காய்ந்த உடம்பில் ஒரேயடியாக ஊற்றினால் நெஞ்சு தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கரண்டியில், இவ்வளவுதான். இரவும் பகலும். பிஸ்கட் கூடாது, டீ கூடாது.

நானும் தங்கினேன். ஒருமுறை அவள் ஊட்டினால் அடுத்தமுறை நான் ஊட்டினேன். குழந்தை கரண்டியைத் தள்ளினாள், துப்பினாள். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினோம்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. அப்போதுதான் குழந்தையின் உண்மையான உருவம் தெரிந்தது. விலா எலும்பை எண்ணலாம். அன்றைக்குப் பார்த்துத்தான் அவள் அப்பா வந்தார்.

"கொழுகொழுன்னு அனுப்புன பிள்ள! எலும்பாக்கி வச்சிருக்கீங்க. பட்டினி போடவா கூட்டியாந்தீங்க?" என்று பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஏய், தூக்குடி பிள்ளைய. கெளம்பு."

நான் வாசலை மறித்து நின்றேன்.

"அது சதை இல்லீங்க, தண்ணி. அதுக்கு முன்னாடி துணி. துணியையும் தண்ணியையும் நிறுத்துப் பிள்ளை எடைன்னு எழுதுனது நான்தான். என்னயத் திட்டுங்க. பிள்ளையத் தூக்காதீங்க."

திட்டினார். வார்டு முழுக்கக் கேட்கத் திட்டினார். மூச்சு வாங்கியதும் மனைவியைப் பார்த்தார்.

அவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "நேத்து வரைக்கும் கரண்டியத் தள்ளுச்சு. இன்னைக்கு வெள்ளனே கரண்டியக் கடிச்சு இழுத்துச்சு. நான் வரலீங்க. நீங்க போயி பூண்டப் பாருங்க."

அவர் பையை இறக்கி வைத்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கப் போனார்.

மூன்று வாரம் ஆனது. பால் கெட்டியானது, அளவு கூடியது, பிறகு சத்து ஏற்றிய கடலை விழுதுப் பொட்டலம். வெறும் உடம்போடு நிறுத்து எடை ஏறுவதைப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் தெளிவாக எழுதினார்கள்: இன்னும் எட்டு வாரம் இந்தப் பொட்டலம் தர வேண்டும், நிறுத்தினால் குழந்தை மறுபடி சரிவாள், கையில் கொடுப்பது இரண்டு வாரத்துக்கு, மீதியை அங்கன்வாடி மூலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சீட்டோடு உங்களிடம் வந்தேன். "லிஸ்ட்டுல பேரு இல்லையே டீச்சர்" என்றீர்கள். எப்படி இருக்கும்? பொட்டல லிஸ்ட் சிவப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், போனில் அவள் இன்னும் மஞ்சள்தான். பழைய பதிவைத் திருத்த உங்களால்தான் முடியும், திருத்துங்கள் என்றேன். "பழைய எடையத் திருத்துனா நம்ம ரெண்டு பேருக்கும் மெமோ வரும்" என்றீர்கள். வரட்டும். தப்பு என்னுடையது என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தீர்கள். பத்து நாளாயிற்று.

ஆஸ்பத்திரி கொடுத்த பொட்டலம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அந்தத் தாய் தினமும் மையத்துக்கு வந்து கேட்கிறாள். அவளிடம் இனி நான் பொய் சொல்வதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கிராம சபை. மைக் இருக்கும். என் தப்பை நான் முதலில் எழுந்து சொல்கிறேன். அப்புறம் நீங்கள் எழுந்திருங்கள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: திங்கட்கிழமை காலையில் இந்தப் பிள்ளைக்கு அவள் எதை ஊட்ட வேண்டும்?