ரேசரும் காகம் தொடாத இலையும்

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. முப்பதுகளின் தொடக்கம். ஜொகூரில், உலு திராமிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், ஆபீசுக்கு வரும் தபால் பையைப் பிரிப்பதும் என் வேலை. வயது இருபத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூர்ப் பக்கம் ஊரில் இருந்தார்கள். எனக்கு அப்போது இரண்டு பெருமைகள். ஒன்று என் மீசை. இன்னொன்று, ஜொகூர் பாரு கடைத்தெருவில் வாங்கி வந்த சேஃப்டி ரேசர்.

ரேசர் டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரன் வழவழப்பான கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பான். வெட்டவே வெட்டாது, கண்ணை மூடிக்கொண்டு மழிக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை எனக்கும் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே சவரத் தொழிலாளிதான். என் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வாகை மரத்தடியில் உட்கார்ந்து ஆள் மாற்றி ஆள் மழிப்பார். சாவு வீட்டுச் சடங்குகளும் அவர் கையில்தான். அவரிடம் ரேசரைக் காட்டி, இனிமேல் உன் கத்தி எனக்கு வேண்டாம் என்று கொஞ்சம் திமிராகவே சொன்னேன். அப்போதெல்லாம் கிராணி உத்தியோகத்துக்கு அந்தத் திமிரும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

"முகத்தை நீங்களே பாத்துக்குங்க ஐயா," என்றார் அவர், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. "மத்ததுக்கு என்னைக் கூப்பிடாம முடியாதுல்ல."

எனக்கு அது பிடிக்கவில்லை.

ரேசர் சொன்னபடி நடக்கவில்லை. அவர் கத்தியைப் பிடிப்பதுபோலவே நானும் பிடித்து, அழுத்தினால்தான் மழியும் என்று அழுத்தினேன். முதல் நாளே ஐந்து இடத்தில் ரத்தம். படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டு, வெட்டில் காகிதத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். கொசுக்கடி என்றேன். யாரும் நம்பவில்லை. பிளேடோ நாலு சவரத்தில் மழுங்கிவிடும். கண்ணாடித் தம்ளரின் உட்பக்கம் தேய்த்தால் கூர் ஏறும் என்று யாரோ சொன்னார்கள், தேய்த்தேன். அதற்குப் பிறகு அது மழிக்கவில்லை, ஒவ்வொரு மயிராகப் பிடுங்கியது. சலித்துப்போய் வேறொரு ரேசர் வாங்கினேன். அதற்குத் திருகு மரை தேய்ந்து தலை ஆடியது. பிளேடு ஒரு பக்கம் உள்ளே பதுங்கும், மறுபக்கம் பல்லை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனாலும் வாங்கிய வீம்பு விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. வெள்ளி, செவ்வாயில் முகத்தில் கத்தி படக்கூடாது என்பார்கள். ரேசர் என்ன கத்தியா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரப்பர் பாலை எடை போட்டு முடிந்த பிற்பகல், மழை இருட்டிக்கொண்டு நின்றது. கன்னம் ஒருவழியாக முடிந்தது. மீசையின் ஓரத்தை நேராக்கலாம் என்று ரேசரைத் திருப்பினேன். தலை ஆடிற்று, நீட்டிக்கொண்டிருந்த பக்கம் வழுக்கி வலது மீசையில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சரிசெய்யலாம் என்று இடது பக்கம் கொஞ்சம் எடுத்தேன். அது கூடிப்போனது. திரும்ப வலது பக்கம். இப்படி இரண்டு பூனை சண்டையில் அப்பத்தைப் பங்குபோட்ட குரங்குபோல எடுத்து எடுத்து, கடைசியில் மூக்குக்குக் கீழே இரண்டு ஈ உட்கார்ந்த மாதிரி மிஞ்சியது. அதையும் எடுத்துவிட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அப்பா இருந்தார்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் தாத்தா போனதிலிருந்து அப்பா மீசை வைத்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்து அவர் முகம் அதுதான். அந்த மேலுதடு, அந்த மூக்கோரக் கோடு, எல்லாம் அப்படியே. நான் அசையும்போது அவர் கொஞ்சம் தாமதித்து அசைந்ததுபோல் இருந்தது. மேலுதட்டில் காற்று சில்லென்று பட்டது. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அதே நேரத்தில் வாசலில் கங்காணி வந்து நின்றார். மறுநாள் ஏற்பாடு பற்றிக் கேட்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த குடையை மெதுவாகக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"எப்ப தம்பி சேதி வந்துச்சு?" என்றார்.

தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுக்கமாட்டான். அது எங்கள் வழக்கம். தோட்டத்தில் ஒருவன் மீசையில்லாமல் வந்து நின்றால் வேறு கேள்வியே இல்லை. ரேசர் வழுக்கிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் சிரிக்கும். சவரத் தொழிலாளி சிரிப்பார். நாளை பெரிய துரை முன்னால் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

மழை விட்டதும் லயத்துப் பெண்கள் வந்தார்கள். என் வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைத்தார்கள். என் அப்பாவின் பெயர் அவர்களுக்குத் தெரியாது, முகம் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் வாய்க்கால் கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் மனிதரை, போய்விட்டீரே போய்விட்டீரே என்று அவர்கள் அழைத்தார்கள். தங்கள் ஊரில் விட்டு வந்த சாவுகளுக்கெல்லாம் சேர்த்து அழுதார்கள் என்று இப்போது புரிகிறது. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கும் நிஜமாகவே கண்ணீர் வந்தது. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. தோட்டத்துத் துரை மூன்று நாள் லீவு கொடுத்து அனுப்பினார். எந்த விருந்தாளிக்காக மழித்தேனோ அவரை நான் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சவரத் தொழிலாளி வந்தார். சாவுச் செய்தி என்றால் அவர் வரவேண்டியதுதான். என்னை வெளிச்சத்துக்கு வரச் சொல்லி மேலுதட்டை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது எடுத்த மீசை இல்லீங்க, தவறிப்போன மீசை," என்றார் தணிந்த குரலில். "பெரியவர் நல்லாத்தானே இருக்காரு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லிருங்க ஐயா. இன்னிக்குச் சொன்னா சிரிப்பாங்க. நாள் போகப் போக சொல்லவே முடியாது."

நான் சொல்லவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் வந்தது. சனிக்கிழமை. நான் எவ்வளவோ தட்டிக்கழித்தும் கங்காணி விடவில்லை. பெற்றவருக்குச் செய்யாமல் இருக்கலாமா என்றார். அவர் மனைவி வந்து, பெரியவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். அதிலாவது பொய் சொல்லியிருக்கலாம். பலாக்கொட்டை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு என்று உண்மையைச் சொன்னேன். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கிவந்த பலாக்கொட்டையில் அதையே வைத்தார்கள். கோயிலுக்குப் பக்கத்து ஓடைக்கரையில் உச்சி வெயிலில் இலை போட்டுச் சோறு வைத்து, கா கா என்று நான் கூப்பிட்டேன்.

தோட்டத்தில் காகத்துக்குப் பஞ்சம் கிடையாது. சமையற்கட்டில் கைச்சோற்றைப் பிடுங்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வறண்டது. கடைசியில் ஒரே ஒரு காகம் எதிரே ரப்பர் பால்மரக் கிளையில் வந்து உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தலையைச் சாய்த்து இன்னொரு தடவை என்னைப் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

"மனசுல ஏதோ குறை இருக்கு," என்று கங்காணி முணுமுணுத்தார். "சாப்பிட மாட்டேங்கிறாரு."

குறை ஒன்றுமில்லை, கூப்பிடப்பட்டவர் இன்னும் சாகவில்லை என்பது எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும். சடங்குக்கு வந்திருந்த அந்தச் சவரத் தொழிலாளி குனிந்து இலையை எடுத்து ஓடையில் விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. என் வாயால், வாய் கூட இல்லை, என் தலையாட்டலால் அப்பாவைக் கொன்றுவிட்டேனோ என்று ஒரே நடுக்கம். தபால் பையைப் பிரிக்கும்போதெல்லாம் தந்தி உறை இருக்கிறதா என்று முதலில் துழாவுவேன். மூன்று வாரம் கழித்து அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆபீசுக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து படித்தேன். மழை, நடவு, மாடு என்று எழுதிவிட்டுக் கீழே இப்படி எழுதியிருந்தார்: "நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. எங்கேயோ ஓடைக்கரையில் இலை போட்டு யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். பலாக்கொட்டைக் குழம்பு வாசனை நன்றாக வந்தது. குரல் உன் குரல்போல் இருந்தது. எழுந்து வர முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே உனக்கு?" கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி, பதினாறாம் நாளுக்கு மறுநாள்.

அப்பா இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அழுதேன். பயத்திலும் அழுதேன். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நாளைக்குச் சொல்லிவிடலாம், தைப்பூசம் போகட்டும் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளி நாலு வருஷம் ஓடியது. மீசை வளர்ந்தது. நல்ல ரேசர் ஒன்றும் வாங்கினேன். தப்பு ரேசரில் பாதி, என் கையில் பாதி என்பதும் தெரிந்தது. வெந்நீரில் முகத்தை ஊறவிட வேண்டும். சாய்த்துப் பிடிக்க வேண்டும். அழுத்தவே கூடாது, ரேசர் தன் கனத்தில் தானே இறங்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

பிறகு அம்மாவிடமிருந்து கடிதம். அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போ என்று. துரையின் அறை வாசல்வரை போனேன். என்ன சொல்லி லீவு கேட்பது? செத்துப்போன அப்பாவுக்கு எப்படிக் கால் வீங்கும்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அப்பாவைச் சொல்லி நடந்ததைப் பார்த்த பிறகு அம்மாவைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியமும் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டு மாதத்தில் தந்தி வந்தது. தபாலைப் பிரிப்பவன் நான்தானே, வேறு யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி வெந்நீர் வைத்தேன். மீசையை எடுத்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் மழித்ததில்லை. கண்ணாடியில் அப்பா இருந்தார். இந்தத் தடவை நான் திருப்பி வைக்கவில்லை. மன்னிச்சிருங்கப்பா என்றேன்.

மறுநாள் பெரட்டில் கங்காணி என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன தம்பி இது, மறுபடியும்?"

"ரேசர் வழுக்கிருச்சு கங்காணி," என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் பயந்து ஒளிந்த சிரிப்பு அதுதான். அதில் விஷம் எதுவும் இல்லை, இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிற்பகல் கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம். சவரத் தொழிலாளி நின்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப ஐயா தந்தி வந்துச்சு?"

நான் கதவை முழுக்கத் திறந்து விலகி நின்றேன்.

"ரேசர் வழுக்கின மூஞ்சி இப்படி இருக்காதுங்க," என்றார்.

அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அந்தத் தோட்டத்தில் என் அப்பாவுக்காக நான் அழ முடிந்த ஒரே இடம் அதுதான். அவரே வாழை இலை அறுத்துவந்தார். இருந்த சோற்றை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனோம். குழம்புகூட இல்லை, வெறும் சோறும் தயிரும். இலையை வைத்துவிட்டு நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் பால்மரத்திலிருந்து ஒரு காகம் இறங்கி வந்து சாப்பிட ஆரம்பித்தது.

இன்றைக்கும் தினம் காலையில் நானேதான் மழித்துக்கொள்கிறேன். கண்ணாடியில் அப்பா வரும்போதெல்லாம் தோன்றும்: ஒரு பொய்க்குத் தலையாட்ட எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருடைய மிச்ச ஆயுள் முழுவதும் போதவில்லை.