மூன்று முறை மறுக்கப்பட்ட அட்டையுடன் பிரிக்பீல்ட்ஸ் வரை

கடல் தாண்டி சரவாக்கில் இருக்கும் கூச்சிங் போவதுதான் திட்டம். கிள்ளான் துறைமுகத்தில் என்னோடு முப்பது ஆண்டு வேலை பார்த்த வேலு இப்போது அங்கே இருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை மகனோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்கிறான். இனித் திரும்ப மாட்டான். சனிக்கிழமை காலை விமானத்தைப் பிடித்தால் ஒரு பகல் முழுக்க அவனோடு இருக்கலாம். வியாழன் மாலை கணினி முன் உட்கார்ந்தேன். டிக்கெட் 214 ரிங்கிட். ஐந்து இருக்கைகள் மீதம்.

கடன் அட்டை எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். 'அட்டை மறுக்கப்பட்டது, உங்கள் வங்கியைத் தொடர்பு கொள்ளவும்' என்றது திரை. மூன்று முறையும் அதே பதில். அன்று காலைதான் அதே அட்டையில் பெட்ரோல் போட்டிருந்தேன். பெட்ரோல் நிலையத்துக்குத் தெரிந்த அட்டை விமானக் கம்பெனிக்கு எப்படித் தெரியாமல் போகும்? வங்கிக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் பாட்டு கேட்டேன். மனிதர் யாரும் வரவில்லை.

வெள்ளி காலை 8:20க்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானிலேயே கிளை இருக்கிறதே என்பீர்கள். கணக்குத் தொடங்கியது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். அங்கேதான் கேட்பேன். முதியோர் கட்டணம் 2 ரிங்கிட் 40 சென். 9:25க்கு கே.எல். சென்ட்ரல். வங்கிக்கு நடை பத்து நிமிடம்தான், ஆனால் நிலையத்தை விட்டு வெளியேறும் வழி புரியாமல் அதே ரொட்டிக் கடையை இரண்டு முறை கடந்தேன்.

வங்கியில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அங்கிள், கார்டு ஓகே லா. பேங்க் ரிஜெக்ட் பண்ணல. மூணு தடவையும் ஆப்ல யாரோ 'வேண்டாம்'னு அமுக்கியிருக்காங்க."

"எந்த ஆப்? என் போன்ல அதெல்லாம் இல்லம்மா."

"வேற போன்ல இருக்கு. கடைசி நம்பர் 38."

அது என் மனைவி சரோஜாவின் எண். என் பழைய போனில் வங்கிச் செயலி ஏறாததால் போன வருடம் மகள் அதைச் சரோஜாவின் போனில் ஏற்றினாள். சரோஜாவோ இந்த வாரம் ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள். கவுண்டரில் நின்றபடியே அழைத்தேன். அதற்குள் அந்தப் பெண் தன் கணினியில் விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள்; ஐந்து இருக்கையில் ஒன்றுதான் மீதம்.

"ஆமாங்க, நேத்து மூணு தடவ வந்துச்சு. 214 வெள்ளி, சம்மதமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு அமுக்கிட்டேன். பேங்க் பேருல எது வந்தாலும் ஏமாத்துக்காரன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான்.

"அது நான்தான். வேலுவப் பாக்கப் போறேன். இப்ப மறுபடி போடுறேன், சரின்னு அமுக்கு. ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு."

"நீங்கதான்னு எப்படி நம்புறது? குரலயே மாத்திப் பேசுறானுங்கன்னு சொன்னதும் நீங்கதான். மக பொறந்த தேதி சொல்லுங்க."

"மார்ச் பதினாலு."



"பதினேழு. தப்பாத்தானே சொல்றீங்க, அப்ப நீங்கதான். போடுங்க."

கவுண்டர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மணி 11:02. பணம் போய்ச் சேர்ந்தது. நடு இருக்கை.

சனிக்கிழமை 9:40க்குக் கூச்சிங்கில் இறங்கினேன். வேலு வெளியே நின்றிருந்தான். நடந்ததைக் கேட்டு அவன் சிரித்ததில் எங்கள் பகலில் அரை மணி நேரம் போனது.

பயணம் போகிறவர்களுக்கு: அட்டை மறுக்கப்பட்டால் எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். சம்மதம் கேட்கும் செய்தி யாருடைய போனுக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். மறுத்தது என் வீட்டுக்காரி என்றால் திரை ஏன் வங்கியைக் கேட்கச் சொன்னது? அது எனக்கு இன்னும் விளங்கவில்லை. புதுப் போன் வாங்கிச் செயலியை மாற்றிக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண். மாற்றமாட்டேன், இந்தப் போனுக்கு என்ன குறை?

மகள் பிறந்தது மார்ச் பதினேழு. இப்போது மனப்பாடம். ஆனால் சரோஜா கேட்டால் பதினாலு என்றுதான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த டிக்கெட் கிடைக்காது.