பின்சுவரில் ஒரு வாசல்

ஏழு பேர் வந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். பெரிய வாத்தியார் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் மூலையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். முதல் தடி அவர் பின்மண்டையில் விழுந்தது.

ஆம்பூருக்குப் பக்கத்தில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் சேரியில் இருந்தது எங்கள் மிஷன் பள்ளிக்கூடம். மண்சுவர் எழுப்பிய ஒரே அறை, ஒரே வாசல். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவேண்டும் என்று சேரி ஜனங்கள் கொடுத்த மனுவைப் பெரிய வாத்தியார்தான் எழுதிக் கொடுத்திருந்தார். வந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

"மனு எழுதுன கை இதானேடா?" என்று கேட்டார்கள். வாசற்படிக் கல்லில் அவர் வலது கையை நீட்டி வைத்து உலக்கையால் இரண்டு முறை போட்டார்கள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகள் பின்சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் அந்த ஆட்களின் கால்களுக்கிடையே ஊர்ந்து வெளியேறப் பார்த்தாள். ஒருவன் அவள் முகத்தில் உதைத்தான். இரண்டு பற்கள் என் காலடியில் வந்து விழுந்தன. நான் எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

வாத்தியார் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கோணிப்போன கையோடு திரும்பிய பிறகு பள்ளிக்கூடத்தைத் திறந்தோம். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தன் படுக்க வேண்டும், மற்றவர்கள் குச்சியால் அடிக்க வேண்டும். ரத்தம் வந்த பிறகும் நிறுத்தமாட்டார்கள். தோல் பதனிட ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப் போகும் வண்டி தெருவில் கடகடத்தால் போதும், எல்லோரும் பின்சுவருக்கு ஓடி ஒருவர்மேல் ஒருவராக விழுவார்கள். உதைபட்ட பெண் வாயே திறக்கவில்லை. வாத்தியார் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். பலகைப் பக்கம் திரும்பவே மாட்டார்.

எனக்கு உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் கை தவறிச் சிலேட்டைக் கீழே போட்டாள். அந்தச் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது, பிரம்பை எடுத்தது நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது என் கையில் இருந்த பாதிப் பிரம்பு. அவள் முதுகெல்லாம் தடித்திருந்தது. ஒரு பிள்ளையும் அழவில்லை. வாத்தியார் சுவரைப் பார்த்து நின்று, நல்ல கையால் தலையை மூடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷாப்பில் பட்டை இடிக்கிற வேலை அவளுக்கு. முழங்கை வரை காவிக்கறை. வந்த வேகத்தில் என் கன்னத்தில் அறைந்தாள்.

"அவனுங்க அடிச்சி மிச்சம் வெச்சத நீ அடிக்கிறியா டீச்சரம்மா?"

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். மகள் பின்சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அங்க?"

அந்தப் பெண் பல மாதங்களுக்குப் பிறகு பேசினாள். "அங்க வழி இல்லமா."

மறுநாள் அவளும் இன்னும் நாலு அம்மாக்களும் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். "மிஷன்ல கேக்காம சுவத்துல கைய வெக்கக் கூடாதுமா," என்றார் வாத்தியார். "நாங்க கேட்டுனு இருந்தா அதுக்குள்ள அவனுங்க இன்னொரு வாட்டி வந்துடுவானுங்க சார்," என்றாள் அவள். வாத்தியார் இடது கையால் கடப்பாரையை வாங்கி முதல் குத்துக் குத்தினார்.

அதற்குமேல் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கல்லாலும் கட்டையாலும் சுவரை அடித்தார்கள். "சாவுடா! சாவுடா!" என்று கத்திக் கத்தி அடித்தார்கள். உள்ளங்கை கிழிந்தும் விடவில்லை. நானும் அடித்தேன். மத்தியானத்துக்குள் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. வாத்தியார் குனிந்து அதன் வழியே வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

"எனக்கும் பயமா இருக்குது கண்ணுங்களா," என்றார். "தெனமும் பயமா இருக்குது."

ஒரு சின்னப் பையன் போய் அவர் மடியில் உட்கார்ந்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் பாடத்துக்கு முன்னால், "இன்னிக்கு யாருக்கு வயித்தக் கலக்குது?" என்று கேட்பார். முதலில் அவரே கை தூக்குவார். கை தூக்கியவர்கள் புது வாசலுக்குப் பக்கத்தில் உட்காரலாம். சத்தம் கேட்டால் ஓடலாம், யாரும் திட்டமாட்டோம். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினார்கள். மழைக்காலம் வருவதற்குள் வண்டிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு நின்றது. அந்த அடிக்கிற விளையாட்டு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் மட்டும் கடைசிவரை வாசலுக்கு முதுகைக் காட்டவில்லை. பலகையில் எழுதுவது என் வேலையாயிற்று.

நான் பிரம்பை விட்டுவிட்டேன். ஆனாலும் சில நாள் கை தானாக உயரும். அப்போது வெளியே போய், மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டு வருவேன்.

அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் புது வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கேயே ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். நன்றாகப் படித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், "டீச்சரம்மா" என்று மரியாதையாகவே கூப்பிடுவாள். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என் கைக்கு எட்டும் தூரத்தில் அவள் வந்து நின்றதில்லை.